அடுத்த வீட்டு அளவு

காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று விருந்தாளிகளை ஆளுக்கு ஆள் கேட்கிறோம். மருந்து என்றால் மட்டும், "அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த அளவில் குணமாயிற்றாம், நீங்களும் அதையே போட்டுக்கொள்ளுங்களேன்!" என்று கணவருக்கு யோசனை சொல்லி விடுகிறோம். டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில் இது பலிக்காது.

இந்த ஆண் ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரிக்க 1935-ல் வழி கண்டார்கள். உடலில் அது போதிய அளவு சுரக்காதவர்களுக்கு ஊசியாகவோ, தோலில் தடவும் ஜெல்லாகவோ கொடுக்கிறார்கள். ஒரே அளவு ஜெல்தான். ஒருவர் தோல் நிறைய உறிஞ்சும், மற்றவர் தோல் கொஞ்சந்தான் உள்ளே விடும். உள்ளே போனதிலும் பெரும் பகுதியை இரத்தத்திலுள்ள புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. பருமனான தேகமென்றால், கொழுப்பிலுள்ள ஒரு நொதி அதில் கொஞ்சத்தை எஸ்ட்ரோஜனாக, அதாவது நம்முடைய ஹார்மோனாகவே மாற்றிவிடும்! வேடிக்கைதான்.

வேடிக்கையில்லாத சங்கதியும் உண்டு. சிலருக்கு இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுந்துவிடுகின்றன. அவற்றின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி வைத்து, பிறகு குறைந்த அளவில் தொடங்குவார்கள். அதற்குத்தான் 3 முதல் 6 மாதத்துக்குள் இரத்தப் பரிசோதனை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் தட்டிக் கழித்தால் விடாதீர்கள்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு இந்த மருந்து ஆகாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் விந்தணு உற்பத்திக்கான கட்டளையை மூளை குறைத்துவிடுகிறது. டாக்டரிடம் சொல்ல அவர் கூச்சப்பட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் குழந்தை இருக்கிறதா? ஜெல் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தோள் காய்ந்து சட்டை மாட்டிய பிறகுதான் அதை அவர் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து குழந்தையின் மேலும் ஒட்டிக்கொள்ளும்.