உண்டியலும் கஜானாவும்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரிலே ஃபென்வே பார்க் என்றொரு விளையாட்டுத் திடல் உண்டு. 1912ல் திறக்கப்பட்டது. பனி கொட்டும் குளிர்காலத்தில் அங்கே பேஸ்பால் ஆட்டம் கிடையாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில்தான் அங்கே ஒரு விந்தைக் காட்சி நடந்து வந்திருக்கிறது. வரிசை வரிசையாகச் சைக்கிள்கள்! ஆணும் பெண்ணும் ஏறி அமர்ந்து வேர்வை வழிய மிதிக்கிறார்கள். சக்கரம் சுழல்கிறது, வண்டியோ ஓர் அங்குலமும் நகர்வதில்லை!

ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று நாள்தோறும் சைக்கிள் மிதிக்கும் தோழர் சிரிக்கக்கூடும். சிரிக்க வேண்டாம். அவர்கள் மிதிப்பது புற்று நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட.

இதை நடத்துவது ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்னும் அமைப்பு. புற்று நோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 1980ல் தொடங்கியது. முதலாண்டில் சாலையில் சைக்கிள் விட்டவர்கள் 36 பேர். திரட்டியது 10,200 டாலர். 2024ல் திரட்டியதோ 7½ கோடி டாலர்! இதுவரை சேர்ந்த மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஓட்டுவோர் திரட்டும் பணம் முழுவதும் டானா-ஃபார்பர் புற்று நோய் நிலையத்துக்குப் போகிறது. நிர்வாகச் செலவுக்கு அதிலே கை வைப்பதில்லை. உண்டியல் ஏந்தித் தெருத் தெருவாக நின்ற நம் தோழர்களுக்குத் தெரியும், இந்த நாணயத்தின் அருமை!

இதைப் பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வோர் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். காரணம் இருக்கிறது.

அதுவும் ஒரு குளிர்காலம்தான், 1947 டிசம்பர். இரத்தப் புற்று என்றால் குழந்தைக்குச் சாவு நிச்சயம் என்றிருந்த காலம். அதே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்னும் புது மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான், ஆனாலும் இருட்டிலே முதல் வெளிச்சம் அது!

அந்த மருந்தை ஆக்கித் தந்த குழுவின் தலைவர் யார்? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! 1922ல் பாஸ்டனில் போய் இறங்கியவர், வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையொன்றில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்தார். அந்த உழைப்பாளியின் கையிலிருந்து பிறந்த அறிவு, ஆயிரமாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள குழந்தைக்கும் உயிர்ப்பிச்சை அளித்தது. வளம் மிக்க நாடுகளிலே இன்று அந்த நோய்க்கு ஆளாகும் குழந்தைகளில், நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கிறார்கள்.

1948ல் ஃபார்பருக்காக வானொலி மூலம் விடுத்த வேண்டுகோளுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. சில்லறைக் காசும் ஆராய்ச்சிக்கூடம் எழுப்பும் என்பதற்கு அது சான்று. ஆகவே மிதிக்கும் கால்களை வாழ்த்துகிறோம், மனமார வாழ்த்துகிறோம்.

ஆனால் ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் தேசியப் புற்று நோய்க் கழகத்துக்கு 2024ல் ஒதுக்கிய தொகை சுமார் 720 கோடி டாலர். ஆயிரக்கணக்கானவர்கள் ஆண்டு முழுவதும் அலைந்து திரட்டியது, அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு! உண்டியல் எவ்வளவு நிரம்பினாலும் கஜானா ஆகாது.

அந்தக் கஜானா மூடிக்கொண்டால்? 2025ல் அதுவும் நடந்தது. டானா-ஃபார்பர் நிலையம் இணைந்திருக்கும் ஹார்வர்டு பல்கலைக் கழகம் தன் நிபந்தனைகளை ஏற்கவில்லை என்பதற்காக, 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட மானியத்தை அமெரிக்க அரசு நிறுத்தியது. அது சட்ட விரோதம் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கையெழுத்தில் நின்று போகும் தொகையை ஈடுகட்ட எத்தனை ஆண்டு மிதிக்க வேண்டும்? 2024ஆம் ஆண்டின் வசூலை வைத்துப் பார்த்தால், 26 ஆண்டுக்கு மேல்!

நோயாளி 26 ஆண்டு காத்திருப்பானா?

ஈகை, மக்களின் பெருமை. நிதி ஒதுக்குவது, ஆட்சியின் கடமை. மக்கள் கொடுக்கிறார்களே என்று ஆட்சி கையை இழுத்துக்கொள்வது, தம்பி சம்பாதிக்கிறான் என்று தகப்பன் வேலைக்குப் போகாமல் திண்ணையில் படுப்பது போன்றது. ஈகை வழி காட்டட்டும். ஆட்சி அவ்வழியே நடக்கட்டும்.

நின்ற இடத்தில் சக்கரம் சுழற்றும் அந்த நல்லவர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். வண்டியை நகர்த்த வேண்டியது அரசு. நகர்த்தும்படி கேட்க வேண்டியது, வரி கொடுக்கும் மக்கள்!