ஒரு பைசாவுக்குத் தத்துவம் கிடைக்காதா?



1931-இல் மூன்றாவது சுயமரியாதை மாநாடு நடந்தது நம்ம விருதுநகரில்தான். அதை நடத்திய பெரியாரை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கல்லூரியில் தத்துவம் எடுத்தவர்கள் சொல்லுங்கள்: சங்கரர் வந்தார், காண்ட் வந்தார், பெரியார் எத்தனை பக்கம் வந்தார்?

"அவர் பிரச்சாரகர், முறையான தத்துவ நூல் எழுதவில்லை" என்பார்கள். சாக்ரடீஸ் ஒரு நூலும் எழுதி வைக்கவில்லையே! ஏதென்ஸ் சந்தையில் நின்று கேள்வி கேட்டவர் தத்துவஞானி. ஈரோட்டுக்காரர் மேடையில் கேட்டால் பிரச்சாரமா?

அயோத்திதாசப் பண்டிதர் கதை இன்னும் மோசம். 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கி சாதி, சமயம், பௌத்தம் பற்றி விடாமல் வாதாடினார். 1914-இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய சிந்தனைகள் 1999-இல்தான் பெருந்தொகுதிகளாக வந்தன. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். எந்தத் தத்துவத் துறையும் முந்திக்கொள்ளவில்லை.

காரணம் எனக்குத் தெளிவு. சமஸ்கிருத மூலமும் ஆங்கில உரையும் இருந்தால்தான் நம் தத்துவத் துறைகள் திரும்பிப் பார்க்கும். மலிவுத் தாளில், தமிழில், சாமானியனுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் அது சிந்தனைக் கணக்கில் சேராது. ஆதரவாளர்களையும் விட மாட்டேன். சிலைக்கு மாலை போட்ட அளவுக்கு அவர்கள் கருத்தோடு மல்லுக்கட்டவில்லை.

"பெரியார் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார்" என்கிறீர்களா? சரி, எடுத்துக்காட்டி மறுத்து எழுதுங்கள். மறுப்பதும் ஒரு மரியாதை. கண்டுகொள்ளாமல் விடுவதுதான் அவமதிப்பு.

நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2012 செப்டம்பர் 5, தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் பிறந்தநாள். அன்றுதான் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நம் பக்கத்தில் "எல்லாம் விதி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். விதியா? உராய்வா? அளவுக்கு மீறிய மருந்தா? ஒரே அறையில் அடைத்த ஆட்களா? எது காரணம், யார் பொறுப்பு? இதைவிடப் பெரிய தத்துவக் கேள்வி உண்டா? விதி என்று சொல்லச் சொல்ல, பொறுப்பாளி தப்பிக்கிறான். அந்தச் சொல்லைத்தான் ஊர் ஊராகப் போய் உடைத்தார் பெரியார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தத்துவம் படிக்கப் போனால், இந்த இருவரும் பாடத்தில் ஏன் இல்லை என்று பேராசிரியரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கச் சொல்லுங்கள்.