துயர நாளில் நூல் எதற்கு?

"வீட்டில் துயரம் சூழ்ந்திருக்கக் கதையும் கவிதையும் ஒரு கேடா?" என்று சீறும் பெரியவர்கள் நம்மிடையே உளர். அவர்கள் போஸ்னியாவின் சாரயேவோ நகரை எண்ணிப் பார்க்கட்டும். 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த நகரம் அது. ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் மீதும் குண்டு விழுந்தது. அம்மக்களோ மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம் பார்த்தனர். அந்த ஒரு நாழிகையேனும் அச்சம் மறந்து மனிதராய் அமர்ந்திருந்தனர். 1992 ஆகஸ்டில் தேசிய நூலகம் எரிந்தபோது, உயிரைப் பணயம் வைத்து நூல்களை மீட்டனர். 1537இல் தோன்றிய காஜி ஹுஸ்ரெவ் பேக் நூலகத்தின் ஏடுகளை வாழைப்பழப் பெட்டிகளில் இட்டு, இடம் மாற்றி இடம் மாற்றிக் காத்தனர். வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கா இது? பசித்தவர்கள் செய்த வேலை, ஐயா! நூல் வீண்பொருளென்றால், மலைமேல் பீரங்கி நிறுத்தியவன் நூலகத்தைக் குறிபார்ப்பானேன்? மனமொடிந்த பிள்ளை ஒரு புத்தகத்தோடு மூலையில் ஒதுங்கினால், அதைப் பிடுங்குவதற்கு முன் இதற்கு விடை சொல்லுங்கள்.