நூறு மீட்டரில் ஒரு தீர்ப்பு

ரோமானியக் கவண்பொறிப் புளுகு அம்பலமாகிவிட்டது என்று நம் காம்பார் நண்பர் எழுதியிருக்கிறார். அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி, 2002இல் பிபிசி தொலைக்காட்சிக்காகக் கட்டிய கல்லெறி பொறி. 26 கிலோ கல்லை அது நூறு மீட்டர்கூட எறியவில்லை. கி.பி. 70இல் ரோமானியரின் ஜெருசலேம் முற்றுகையில் ஒரு தாலந்து, அதாவது ஏறக்குறைய அதே 26 கிலோ எடையுள்ள கற்கள் ஏறக்குறைய 370 மீட்டரும் அதற்கு மேலும் பறந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிவைத்தார். ஆகவே ஜோசபஸ் பொய்யர். அதே கையோடு, சிலப்பதிகாரம் சொல்லும் மதுரை மதிலின் எந்திர வில்லும் கல்லெறி கவணும் கற்பனை. முடிந்தது வழக்கு!

தோட்டத்தில் வளர்ந்த மனிதர் இப்படி எழுதலாமா? இற்றுப்போன சைக்கிள் டியூப்பில் லாஸ்திக் (உண்டிவில்) கட்டினால் கல் காலடியில்தான் விழும். அதை வைத்து, லாஸ்திக்கால் எவனும் குருவி அடித்ததில்லை என்பாரா?

பொறியின் உயிர் மரச்சட்டத்தில் இல்லை, முறுக்கிய கயிற்றில் இருக்கிறது. விலங்குகளின் தசைநாரில் அதைத் திரித்தார்கள். கிடைக்காதபோது குதிரைமுடி, பெண்களின் கூந்தல். எந்த எடைக் கல்லுக்குக் கயிற்றுத் துளை எவ்வளவு அகலம் என்பதற்குக் கிரேக்கப் பொறியாளர் ஃபைலோ கனமூலக் கணக்கே தந்திருக்கிறார். அகஸ்டஸ் காலத்தில் இப்பொறிகளைப் பராமரித்த விட்ருவியஸ் இன்னும் நுட்பமானவர்: இரு பக்கக் கயிறுகளையும் கையால் தட்டி, ஒரே சுருதி எழும்வரை முறுக்கச் சொல்கிறார். பிசகினால் குறி கோணும். அந்தக் கைத்தொழில் செத்துப் பல நூற்றாண்டாயிற்று. ஒரு தொலைக்காட்சிக் குழு அதை முழுசாக மீட்டுவிட்டது என்று நம்புகிறவர்தான் ஜோசபஸை நம்ப மறுக்கிறார்!

ஜெர்மன் ராணுவ அதிகாரி எர்வின் ஷ்ராம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரைமுடிக் கயிற்றோடு கட்டிய பொறி, அம்பை ஏறக்குறைய 370 மீட்டர் எய்தது. அம்பு வேறு, தாலந்துக் கல் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்ற சோதனையைத் தம்பட்டம் அடித்தவர், வென்றதை ஏன் விழுங்கினார்?

ஜோசபஸுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எண்களை ஊதிச் சொல்வது அவர் வழக்கம்தான். ஆனால் வெள்ளைக் கல் வருவதைக் கண்டு கோபுரக் காவலர் கத்தியதையும், மக்கள் தரையில் விழுந்து தப்பியதையும், அதன்பின் ரோமானியர் கல்லுக்குக் கறுப்புப் பூசியதையும் அவரே சொல்கிறார். நூறு மீட்டரில் விழும் கல் காற்றில் நிற்பது நான்கைந்து விநாடி. 370 மீட்டர் போகும் கல் கிட்டத்தட்ட அதற்கு இருமடங்கு. பார்த்து, கத்தி, கேட்டு, விழுந்து தப்ப எது போதும்? நண்பரே கணக்குப் போடட்டும்.

மதுரை மதில் பொறிகளைக் கற்பனை என்று அடுத்த தீர்ப்பு எழுதுமுன், அவற்றில் ஒன்றையாவது செய்து பார்க்கட்டும். காம்பாரில் மரத்துக்கும் பஞ்சமில்லை, தச்சருக்கும் பஞ்சமில்லை.