தும்பியும் ஆற்று ஜலமும்

தட்டான் தாழப் பறந்தால் மழை வருமென்பர் நம் பெரியோர். மழையை மட்டுமன்றி ஜலத்தின் குணத்தையும் அப்பூச்சியால் அறியலாம் என்பது என் அபிப்பிராயம்.

தென்பெண்ணையாறு நந்திமலைப் பக்கத்தில் உற்பத்தியாகி, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அங்கே ஜலம் சிற்சில சமயம் வெண்ணுரை பொங்கி வருவதைப் பலரும் கண்டிருப்பர். அதுவே நம் வயல்களிலும் பாய்கிறது.

தும்பியின் இளம்பருவம் முழுவதும் ஜலத்திலேயே கழிகிறது. அப்பொழுது அது கொசுப்புழுக்களைத் தின்கிறது. இறக்கை வந்தபின் கொசுவையும் தத்துப்பூச்சியையும் பிடிக்கிறது. உட்காரும்போது இறக்கைகளை விரித்திருப்பது தட்டான். பெரும்பாலும் அவற்றை முதுகின்மேல் சேர்த்து வைக்கும் மெல்லிய இனம் ஊசித்தட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஐப்பசியில் திரள்திரளாய்ப் பறக்கும் பொன்னிறத் தும்பியைக் கண்டு ஆறு சுத்தமென்று எண்ணலாகாது. அது மழைக்குட்டையிலேயே சில வாரங்களில் வளர்ந்துவிடும். இவ்வினம் காற்றின் துணையால் மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா செல்கிறதென்று சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் 2009-ல் எழுதினார். அவ்வழிப்போக்கன் நம் ஆற்றுக்குச் சாட்சியாகாது. சாக்கடையோரத்திலும் செழிக்கும் ஆரஞ்சு நிறத் தட்டானும் அத்தகையதே. அது ஒன்றே மிகுந்து, ஏனையவை மறைந்தால் ஜலம் கெட்டதோவென்று ஐயுறவேண்டும்.

ஆகவே பறப்பதை மட்டும் பாராமல், நாணலிலும் கல்லிலும் ஒட்டியுள்ள உலர்ந்த தோல்களைத் தேடுக. அந்த ஜலத்திலேயே தும்பி வளர்ந்ததற்கு அவையே அத்தாட்சி.

"கேடு மேலே நிகழ, இங்கே பூச்சியை எண்ணி என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கலாம். பரிகாரம் மேற்பகுதியிலேயே செய்யப்படவேண்டும் என்பது உண்மை. தும்பியைப் பார்ப்பது சோதனைச்சாலைப் பரிசோதனைக்கு ஈடுமாகாது. ஆனால் தேதியிட்ட குறிப்புடன் செல்லும் மனுவுக்கு வெறும் முறையீட்டைவிட மதிப்பு அதிகம். எப்பொழுது ஜலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதையும் அக்குறிப்பு காட்டும்.

ஆதலால் கிராம உத்தியோகஸ்தர்கள் மாதம் ஒருமுறை, வெயிலுள்ள முற்பகலில், குறித்த ஓரிடத்தில் நின்று எத்தனை வகைத் தும்பிகள் உள்ளன என்று எழுதி வைப்பார்களாக. குடியானவர்கள் மருந்து தெளிப்பானை வாய்க்காலில் கழுவாமலும், கரைப்புல்லை அடியோடு செதுக்காமலும் இருப்பார்களாக. மேலேயிருந்து வரும் அழுக்கைக் கண்டிக்கும் நாம், நம் பங்குக்கு அதனோடு சேர்க்காதிருத்தல் முறையன்றோ?