நெத்தி லைட்டும் நடுக்கடல் இருட்டும்

"நைட்டு போட்ல தூண்டில் போடப் போறோம். எத்தனை லூமன் ஹெட்லைட் வாங்கலாம்?"

சமீபமா இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்கிறவங்க அதிகமாயிட்டாங்க. ஆன்லைன்ல தேடினா பத்தாயிரம் லூமன், தொண்ணூறாயிரம் லூமன்னு கூசாம எழுதி வெச்சிருக்கான். விலை என்னவோ சில நூறு ரூபாய்தான். ஒரு காரோட ஹாலஜன் பல்பே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லூமனைச் சுத்தித்தான் இருக்கும். அப்படின்னா நம்ம நெத்தியில அறுபது கார் லைட்டைக் கட்டிக்கிட்டுப் போறோமா? கணக்குப் போட்டுப் பார்த்தாலே சிரிப்பு வந்துடும் :-)

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். படகுக்கு ஹெட்லைட் வாங்கும்போது "எவ்வளவு பிரகாசமா எரியும்"னு கேட்கக் கூடாது. "எவ்வளவு மங்கலா எரியும்"னு கேட்கணும். மலையேறுறவனுக்கும், ராத்திரி சைக்கிள் ஓட்டுறவனுக்கும், குமரி மாவட்டத்துல விடியறதுக்கு முன்னாடி ரப்பர் மரம் வெட்டப் போறவங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தாம போகலாம். கடலுக்கு இதுதான் முதல் கேள்வி. ஏன்னு சொல்றேன்.

கண்ணுதான் முதல் விளக்கு

வெளிச்சத்துல இருந்து இருட்டுக்கு வந்தா நம்ம கண் முழுசா பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். விழித்திரையில ரெண்டு வகை செல் இருக்கு. பகல்ல, நல்ல வெளிச்சத்துல வேலை செய்யறது கூம்பு செல். மங்கலான வெளிச்சத்துல வேலை செய்யறது குச்சி செல். குச்சி செல்லுக்குள்ள ரொடாப்சின்னு ஒரு நிறமி இருக்கு. பளிச்சுனு வெள்ளை வெளிச்சம் பட்டா அது சிதைஞ்சுடும். திரும்ப ஊறி வர்றதுக்குத்தான் அந்த அரை மணி நேரம்.

அதாவது, முள்ளுல இரை கோக்கறதுக்காக அரை நிமிஷம் ஐந்நூறு லூமனைப் போட்டீங்கன்னா, அடுத்த அரை மணி நேரத்துக்குக் கடல் உங்களுக்கு வெறும் கறுப்புச் சுவர்தான். தூரத்துல லைட்டே இல்லாம மிதக்கிற வல்லம் தெரியாது. வலையோட மிதவை தெரியாது. முகத்துவாரத்துல அலை எங்க உடையுதுன்னு தெரியாது. இதெல்லாம் நட்சத்திர வெளிச்சத்துலயே பழகின கண்ணுக்குத் தெரியற சமாச்சாரங்கள்.

இன்னொண்ணு. சில ராத்திரிகள்ல கடல் தண்ணியே மினுங்கும். 2019 ஆகஸ்டுல சென்னை கடற்கரையில அலையெல்லாம் நீலமா மின்னுச்சே, ஞாபகம் இருக்கா? நாக்டிலூக்கான்னு ஒரு நுண்ணுயிரி பண்ற வேலை அது. நமக்கு அது ஒரு நாள் வேடிக்கை. மீன் பிடிக்கறவங்களுக்கு அது தகவல். தண்ணிக்கு அடியில மீன் கூட்டம் நகர்ந்தா அந்த இடம் மினுங்கும். கூட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு அதை வெச்சே சொல்லிடுவாங்க. நெத்தியில லைட்டைப் பளீர்னு எரிய விட்டவனுக்கு அந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது.

நான் தூத்துக்குடிப் பக்கம் சில தடவை கூடப் போற அண்ணாச்சி ஒருத்தர் இதை ஒரே வரியில சொல்லிடுவார். "லைட்ட அமத்திட்டு செத்த நேரம் சும்மா இருங்க தம்பி. கடலு தானா தெரியும்." அவர் ரொடாப்சினைப் பத்திப் படிச்சதில்லை. கடலைப் பார்த்திருக்கார்.

சிவப்பு லைட்டு: நல்லதுதான், ஆனா...

குச்சி செல்லுக்கு அடர் சிவப்பு வெளிச்சம் அவ்வளவா உறைக்காது. அதனாலதான் நல்ல ஹெட்லைட்டுகள்ல தனியா ஒரு சிவப்பு எல்.இ.டி. வெச்சிருப்பாங்க. படகுக்கு வாங்கினா இது கட்டாயம் இருக்கணும். இருந்தா மட்டும் போதாது, மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, சிவப்புக்கு நேரா போக முடியணும். பல லைட்டுகள்ல பொத்தானை அமுக்கினா முதல்ல முழு வெள்ளை, அப்புறம் பாதி வெள்ளை, அப்புறம் மினுக்கல், கடைசியாத்தான் சிவப்பு வரும். சிவப்பு வர்றதுக்குள்ள கண்ணு போயிடும். அப்புறம் சிவப்பு எதுக்கு? கடையில கையில வாங்கினதும் நான் முதல்ல பார்க்கறது இதைத்தான். சிவப்புக்குத் தனி பொத்தான் இருக்கா? இல்லேன்னா கீழே வெச்சுடுவேன்.

ரெண்டு, சிவப்பும் மங்கலா இருக்கணும். பிரகாசமான சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். சிவப்புங்கறதால அது மந்திரம் ஆயிடாது.

மூணு, சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு நிறம் காணாம போயிடும். சிவப்பு நரம்பும் வெள்ளை நரம்பும் ஒண்ணாத்தான் தெரியும். கையில ரத்தம் வந்தாக்கூட சட்டுனு தெரியாது. முள்ளைக் கழட்டற வேலைக்கு, அதுவும் கெழுத்தியோ திருக்கையோ மாட்டியிருந்தா, சிவப்பு வேண்டவே வேண்டாம். கெழுத்திக்கு முதுகுலயும் ரெண்டு பக்கத் துடுப்புலயும் விஷ முள், திருக்கைக்கு வால்ல. அங்கே பக்கத்துல விழற, பரவலான, மங்கலான வெள்ளை வெளிச்சம்தான் சரி. சிவப்புல தடவிப் பார்த்துக் கழட்டற வீரம் வேண்டாம்.

அட்டைப்பெட்டி சொல்லும் கதைகள்

நல்ல கம்பெனிக்காரங்க பெட்டியில "ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1"னு போட்டிருப்பாங்க. அது டார்ச், ஹெட்லைட்டுகளை அளக்கறதுக்கான அமெரிக்கத் தர அளவு. இதுல ரெண்டு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க.

"100 மீட்டர் தூரம்"னு போட்டிருந்தா 100 மீட்டர் தள்ளி இருக்கறதைப் படம் பிடிச்ச மாதிரி பார்க்கலாம்னு அர்த்தம் இல்லை. அந்தத் தூரத்துல வெளிச்சம் 0.25 லக்ஸ் இருக்கும்னு அர்த்தம். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அதனால உபயோகமா பார்க்கற தூரம் அதுல பாதின்னே வெச்சுக்குங்க.

"40 மணி நேரம் எரியும்"னு போட்டிருந்தா 40 மணி நேரமும் அதே வெளிச்சம் வரும்னு அர்த்தம் இல்லை. ஆரம்ப வெளிச்சத்துல பத்துல ஒரு பங்கா குறையற வரைக்கும் ஆகற நேரம் அது. 300 லூமன்ல ஆரம்பிச்சு 30 லூமன்ல முடியற வரைக்கும் கணக்குல சேர்த்துப்பாங்க.

என் அனுபவத்துல படகுல பெரும்பாலான வேலைக்கு 5 லூமனே ஜாஸ்தி. வலை சிக்கெடுக்க, இன்ஜினைப் பார்க்க 40, 50 போதும். மிதவையைத் தேட, கரை ஏற இடம் பார்க்க எப்பவாவது ஒரு தடவை 200, 300. அவ்வளவுதான். இதுக்கு மேல போடற காசு, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் கண்ணைக் கெடுக்கற காசு.

தூறல், பனிமூட்டம் இருந்தா பெரிய லைட்டு இன்னும் மோசம். விளக்கு கண்ணுக்கு ஒட்டி இருக்கறதால ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைத் திருப்பி நம்ம கண்ணுக்கே அடிக்கும். எதிர்ல வெள்ளைத் திரை கட்டின மாதிரி ஆயிடும். அப்படி ஆனா லைட்டைக் கழட்டி இடுப்புக்குக் கீழே பிடிச்சுப் பாருங்க, வித்தியாசம் புரியும். அதனால சட்டுனு கழட்டற மாதிரி பட்டை இருக்கணும்.

உப்புத்தண்ணி சும்மா விடாது

ஐ.பி.எக்ஸ்.4னா எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி தெளிச்சாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும். படகுக்கு 7-க்குக் குறைஞ்சு வாங்காதீங்க. ஆனா ஒண்ணு, இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணியில பண்றது. உப்பு பண்ற வேலை இதுல வராது.

ஹெட்லைட் சாகறது பெரும்பாலும் சார்ஜ் போடற ஓட்டையிலதான். மேல இருக்கற ரப்பர் மூடி நாலு மாசத்துல தளர்ந்துடும், உள்ளே உப்பு போகும். ஈரத்தோட சார்ஜ் போட்டா கரண்டும் உப்பும் சேர்ந்து செம்பைத் தின்னு பச்சையா ஆக்கிடும். ஒவ்வொரு தடவை வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, காய வெச்சு, அடுத்த நாள் சார்ஜ் போடுங்க. முடிஞ்சா பேட்டரியைக் கழட்டி மாத்தற மாதிரி வாங்குங்க. நடுக்கடல்ல சார்ஜ் தீர்ந்தா, பாலித்தீன் பையில சுத்தி வெச்ச ஒரு செட் பேட்டரி இருந்தா பொழைச்சோம்.

பேட்டரின்னதும் ஒரு எச்சரிக்கை. 18650-ன்னு சொல்ற லித்தியம் செல்லுல 9,900 எம்.ஏ.ஹெச்.னு அச்சடிச்சு விக்கறாங்க. பேர் பெற்ற கம்பெனிகளோட நல்ல செல்லே 3,500-ஐச் சுத்தித்தான் இருக்கும். அந்த 9,900 சுத்தப் பொய். பொய் சொல்ற செல்லை நெத்தியில கட்டிக்கிட்டு கடலுக்குப் போறது நல்லதில்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். மீன் செதிலும் சேறும் அப்பின கையால தடவினா பொத்தான் தட்டுப்படணும். கிட்டத்தட்ட 100 கிராமுக்குள்ள இருந்தா கழுத்து வலிக்காது. பட்டையில ஒரு கயிறு கட்டி சட்டையோட மாட்டிடுங்க, ஏன்னா ஹெட்லைட்டுல பெரும்பாலானது தண்ணியில விழுந்தா மிதக்காது, அடிக்குத்தான் போகும்.

நெத்தி லைட்டு, படகு லைட்டு ஆகாது

இதுக்குத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பிச்சேன்.

சின்னப் படகுல போற நிறைய பேர், "ஹெட்லைட் இருக்கே, வர்றவனுக்குத் தெரியாதா"ன்னு நினைக்கறாங்க. தெரியாது. ஹெட்லைட் நீங்க பார்க்கற பக்கம் மட்டும்தான் அடிக்கும். நீங்க குனிஞ்சு முள்ளைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது முதுகுப் பக்கம் வர்ற கப்பலுக்கு நீங்க இருட்டு. தலையைத் திருப்பினா ஒரு மினுக்கல், அவ்வளவுதான். சிவப்பு போட்டுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தா இன்னும் விபரீதம். கடல்ல சிவப்புன்னா படகோட இடது பக்கம், பச்சைன்னா வலது பக்கம். எதிர்ல வர்றவன் உங்களைத் தப்பா கணக்குப் போடுவான்.

1972-ல உருவான சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் இதைத் தெளிவா சொல்லுது. ராத்திரியில, படகு விளக்குன்னு தப்பா நினைக்க வைக்கற எந்த விளக்கும், சுத்திப் பார்க்கறதைக் கெடுக்கற எந்த விளக்கும் காட்டக் கூடாது. 12 மீட்டருக்குக் குறைஞ்ச இன்ஜின் படகா இருந்தாக்கூட நாலா பக்கமும் தெரியற வெள்ளை விளக்கும், பக்க விளக்குகளும் வேணும். அந்த வெள்ளை விளக்கு குறைஞ்சது 2 கடல் மைல் தூரத்துக்கு, அதாவது சுமார் 3.7 கிலோமீட்டருக்குத் தெரியணும். துடுப்புப் படகா இருந்தாலும் ஒரு வெள்ளை டார்ச்சைக் கையோட வெச்சிருந்து, மோதல் வராம இருக்க நேரத்தோட காட்டணும். பளிச்சுனு விட்டு விட்டு எரியற ஸ்ட்ரோப் விளக்கைக் கவனம் ஈர்க்கறதுக்குப் பயன்படுத்தறதைத் தவிர்க்கச் சொல்லுது. நம்ம ஹெட்லைட்ல இருக்கற அந்த மினுக்கல் மோட் இதேதான், வேடிக்கைக்குப் போடாதீங்க.

2021 ஏப்ரல் 13 அதிகாலை, மங்களூருக்கு மேற்கே நடுக்கடல்ல ஒரு மீன்பிடி விசைப்படகும் சரக்குக் கப்பலும் மோதிக்கிச்சு. படகுல 14 பேர், அதுல 7 பேர் நம்ம தமிழ்நாட்டுக்காரங்க. உயிரோட மீட்டது ரெண்டு பேரைத்தான். அந்த விபத்துல எந்த விளக்கு எரிஞ்சதுங்கறது என் பேச்சு இல்லை. ராத்திரிக் கடல்ல சின்னப் படகு எவ்வளவு சின்னதுங்கறதுதான் என் பேச்சு.

அதனால, பட்ஜெட் 3,000 ரூபாய்னா முழுசையும் ஹெட்லைட்டுல கொட்டாதீங்க. சுமாரான, மங்கலா எரியற, தனி சிவப்பு பொத்தான் வெச்ச ஹெட்லைட் ஒண்ணு. தண்ணி புகாத கை டார்ச் ஒண்ணு, தூரத்தைப் பார்க்கவும், "நான் இங்க இருக்கேன்"னு காட்டவும். மிச்சக் காசுல படகோட வெள்ளை விளக்கு எரியுதான்னு பார்த்து, எரியலைன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. படகு உங்களுது இல்லையா? பரவாயில்லை, ஏறறதுக்கு முன்னாடி கேளுங்க. "அண்ணே, மேல லைட்டு எரியுதா?" கேட்கறதுல ஒண்ணும் கௌரவம் குறையாது.

மத்தபடி, ஏறினதும் எல்லாத்தையும் மங்கலா வெச்சுட்டு ஒரு அரை மணி நேரம் சும்மா உட்காருங்க. மீன் எங்கேயும் ஓடிடாது.

பி.கு.: "லைட்டு அடிச்சா மீன் வருமே?"ன்னு யாராவது கண்டிப்பா கேட்பீங்க. வரும். அதனாலதான் எல்.இ.டி. விளக்கு போட்டு மீனை ஈர்த்துப் பிடிக்கறதை மத்திய அரசு 2017-லயே தடை பண்ணுச்சு. நெத்தி லைட்டு நம்ம கை வேலைக்கு மட்டும்தான் சாமி!