ஸ்லோன்னா வேஸ்ட்டா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வயர்லெஸ் மாட்யூல் தேடும்போது முதல்ல எதைப் பார்ப்பீங்க? ஸ்பீடைத்தானே! ஜிக்பீ 250 கேபிபிஎஸ்தான், லோரா அதைவிடவும் ஆமை என்று தெரிந்ததும், "இதெல்லாம் யாருப்பா யூஸ் பண்றாங்க?" என்று வைஃபை பக்கம் தாவிவிடுகிறோம். அங்கேதான் கணக்கு தப்புகிறது என்பது என் கருத்து.

எவ்வளவு டேட்டா அனுப்பப் போறீங்கன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. வயலில் மண் ஈரம் அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஈரம், வெப்பநிலை, பேட்டரி அளவு எல்லாம் சேர்ந்தாலும் 12 பைட்டுக்குள் அடங்கிவிடும். லோராவானில் மிக மெதுவான எஸ்எஃப்12-இல் அனுப்பினாலும் சுமார் ஒன்றரை வினாடியில் வேலை முடிந்தது. அரை மணிக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். மீதி நேரமெல்லாம் சென்சார் தூங்கலாம், பேட்டரியும் மிச்சம்.

வேகத்தைக் கொடுத்து நாம் வாங்குவது தூரம். ஒவ்வொரு பிட்டுக்கும் அதிக நேரம் ஒதுக்குவதால், இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் லோரா ரிசீவரால் பிரித்தெடுக்க முடிகிறது. திறந்த வெளியில் சில கிலோமீட்டர் போகும். நீங்க நம்புற வைஃபையும் இதைத்தானே செய்யுது? ரவுட்டரை விட்டுத் தள்ளிப் போகப் போக, தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, விதித்த பவர் வரம்புக்குள், லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம். சிம்மும் வேண்டாம், மாத ரீசார்ஜும் வேண்டாம்.

அதுக்காக எல்லாத்துக்கும் லோராதான்னு நான் சொல்லல. போட்டோ அனுப்பணும்னா மறந்துடுங்க. 2 எம்பி படம், வினாடிக்கு 5,000 பிட் வேகத்தில் போய்ச் சேர ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏர்டிராப்பைப் பாருங்க: பக்கத்தில் யார் இருக்காங்கன்னு கண்டுபிடிக்க ப்ளூடூத், ஃபைலை அனுப்ப வைஃபை. இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கு.

ஆகவே, ரிவ்யூவில் "ஏன் இவ்வளவு ஸ்லோவான மாட்யூல்?" என்று கேட்டால் தடுமாறாதீங்க. எத்தனை பைட், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எவ்வளவு தூரம், பேட்டரி எத்தனை மாதம் வரும் என்று நாலு எண்ணை முன்னால வையுங்க. அப்புறமும் "வைஃபை போட்டிருக்கலாமே" என்றால், நடுவயலில் ரவுட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்னு பணிவாகவே திருப்பிக் கேளுங்க!